டியூ டிலிஜென்ஸ்: மனை வாங்குகிறவரிடம் சட்டம் எதிர்பார்க்கும் கவனம்

மனையோ வீடோ விளைநிலமோ, எதை வாங்கப் போனாலும் இப்போது தவறாமல் காதில் விழுகிற சொல் "டியூ டிலிஜென்ஸ்". தரகர் சொல்கிறார், வங்கி ஊழியர் சொல்கிறார், யூடியூபில் சொத்து ஆலோசனை வழங்குகிறவர்கள் சொல்கிறார்கள். சரி, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் ஒருவர் "ஈ.சி. போட்டுப் பாத்தாச்சு" என்று வில்லங்கச் சான்றைச் சொல்வார்; இன்னொருவர் "பேங்க்லயே லோன் குடுத்துட்டாங்களே" என்பார்; மூன்றாமவர் "லீகல் ஒப்பீனியன் இருக்கு" என்று ஒரு கோப்பை எடுத்து நீட்டுவார். மூன்றும் பயனுள்ள காரியங்கள்தாம். ஆனால் நாளைக்கு அந்தச் சொத்தின்மீது வழக்கு வந்தால், நீதிமன்றம் கேட்கும் கேள்விக்கு இவற்றில் எதுவும் தனித்து விடையாகாது.

நீதிமன்றம் கேட்பது இதுதான்: உங்கள் இடத்தில் விவேகமுள்ள ஒருவர் இருந்திருந்தால் யாரிடம் என்ன கேட்டிருப்பார், எங்கே போய்ப் பார்த்திருப்பார், நீங்கள் அதைச் செய்தீர்களா? இந்தக் கேள்விக்குத் தாக்குப்பிடிக்கும் அளவுக்கு எடுத்துக்கொள்ளும் கவனத்தையே டியூ டிலிஜென்ஸ், அதாவது உரிய கவனம், என்கிறோம். வாங்குகிறவர் எவ்வளவு நல்லவர், எத்தனை நாள் அலைந்தார், எத்தனை நகல் எடுத்து அடுக்கினார் என்பவற்றுக்கு இதில் தனி மதிப்பெண் கிடையாது.

## வரன் விசாரிப்பதைப் போல

தரகர் சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டு யாரும் பெண் கொடுப்பதில்லை. மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடத்தில் தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா என்று தேடுவார்கள். அவர் குடியிருக்கும் தெருமுனை மளிகைக் கடையில் ஏதோ வாங்குகிற சாக்கில் பேச்சுக் கொடுப்பார்கள். சம்பளம் இவ்வளவு என்று தரகர் சொன்னால், அந்த அலுவலகத்தில் அந்தப் பதவிக்கு அவ்வளவு கொடுப்பார்களா என்று வேறொருவரிடம் கேட்டுப் பார்ப்பார்கள். பேச்சின் நடுவே "முதல்ல பேசின இடம்" என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டு, மாப்பிள்ளையின் மாமா சட்டென்று பேச்சை மாற்றினால், வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் தோண்டுவார்கள்.

இந்த விசாரிப்பில் உரிய கவனத்தின் மூன்று கூறுகளும் அடங்கியிருக்கின்றன. காரியம் நடந்தால் ஆதாயம் அடையப்போகிறவரின் சொல்லை, ஆதாயம் இல்லாத இன்னோரிடத்தில் சரிபார்க்கிறார்கள். ஒட்டாத பதில் ஒன்று வந்தால் அதன் பின்னாலேயே போகிறார்கள். கூடவே, இதற்கு ஓர் அளவும் வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் கொள்ளுத்தாத்தா எந்தப் பள்ளியில் படித்தார் என்று யாரும் கேட்பதில்லை. உரிய கவனம் என்ற தொடரில் "உரிய" என்பது அந்த அளவைத்தான் குறிக்கிறது.

## பங்குச் சந்தையில் பிரபலமான தொடர்

இந்தத் தொடரைச் சட்ட உலகிலும் வணிக உலகிலும் பிரபலமாக்கியது அமெரிக்கா. 1929-இல் அங்கே பங்குச் சந்தை சரிந்து, வெற்று வாக்குறுதிகளை நம்பிப் பங்கு வாங்கியவர்கள் பணத்தை இழந்த பிறகு, 1933-இல் பங்குப் பத்திரங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் இயற்றப்பட்டது. ஒரு நிறுவனம் பொதுமக்களிடம் பணம் திரட்ட வெளியிடும் அறிக்கையில் முக்கியமான பொய் இருந்தால், அதன் இயக்குநர்கள், அந்தப் பத்திரங்களைச் சந்தைக்குக் கொண்டுவரும் இடைநிலை நிறுவனங்கள் உள்ளிட்ட பலரும் பொறுப்பாவார்கள் என்றது அச்சட்டத்தின் 11-ஆம் பிரிவு. கூடவே அவர்களுக்கு ஒரு தற்காப்பையும் கொடுத்தது: தகுந்த அளவு விசாரித்து, அறிக்கையில் இருப்பது உண்மை என்று நியாயமாக நம்பியிருந்தால் தப்பிக்கலாம். எவ்வளவு விசாரித்தால் தகுந்த அளவு? தன் சொந்தச் சொத்தை நிர்வகிக்கும்போது விவேகமுள்ள ஒருவர் எவ்வளவு விசாரிப்பாரோ அவ்வளவு என்று அந்தப் பிரிவே அளவுகோலையும் வைத்தது.

அந்த அளவுகோல் எவ்வளவு கறாரானது என்பது 1968-இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில் முடிந்த பார்கிரிஸ் வழக்கில் தெரிந்தது. பௌலிங் விளையாட்டுக் கூடங்கள் கட்டித் தந்த பார்கிரிஸ் நிறுவனம் 1961-இல் கடன் பத்திரங்கள் வெளியிட்டது. 1962-இல் நொடித்துப் போனது. அறிக்கையில் பல தவறுகள் இருந்தன. பத்திரங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்களின் வழக்கறிஞர்கள் நிறுவன அதிகாரிகளிடம் கேட்க வேண்டிய கேள்விகளை ஏறக்குறைய எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள். பதில்களும் வந்திருந்தன. ஆனால் அந்தப் பதில்களை ஒப்பந்தங்களோடும் கூட்டக் குறிப்பேடுகளோடும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. சில கூட்டங்களின் குறிப்புகள் இன்னும் எழுதப்படவில்லை என்று சொன்னபோது அதையும் ஏற்றுக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். கேள்வி கேட்டு, பதில் வாங்கி, அந்தப் பதிலைச் சரிபார்க்காமல் விட்டதைத் தகுந்த விசாரணையாக நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஆக, கேள்வி கேட்பது பாதி வேலை. பதிலை, பதில் சொன்னவரைச் சாராத ஒன்றோடு ஒப்பிடுவது மீதிப் பாதி. நம்மூர் மனை வணிகத்தில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த இரண்டாம் பாதிதான்.

## தெரியாது என்றால் தப்ப முடியுமா?

இந்தியாவில் சொத்துக் கைமாறுவதை ஆளும் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882-இல் வந்தது. அமெரிக்கச் சட்டத்துக்கு அரை நூற்றாண்டு முந்தியது. அதன் 3-ஆம் பிரிவில் உள்ள ஒரு விளக்கம்தான் இந்தக் கட்டுரையின் மையம். ஒரு விஷயம் ஒருவருக்கு நேரடியாகத் தெரிந்திருந்தால் அவர் அதை அறிந்தவர். அதோடு, செய்திருக்க வேண்டிய விசாரணையை வேண்டுமென்றே தவிர்த்ததாலோ, பெரும் அலட்சியத்தாலோ அவருக்கு அது தெரியாமல் போயிருந்தால், அப்போதும் அவர் அதை அறிந்தவராகவே கொள்ளப்படுவார். இந்த இரண்டாம் வகையை "உய்த்தறிவு" என்று குறிப்பிடுவோம்: தலையில் இல்லாத அறிவைச் சட்டம் தலையில் ஏற்றி வைப்பது.

இதன் விளைவைச் சற்று நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். "எனக்குத் தெரியாதுங்க" என்பது கேடயம் என்று பலரும் நினைக்கிறார்கள். சிலர், கேட்டால் சிக்கல் வெளியே வந்துவிடுமோ என்று கேட்காமலே இருந்துவிடுகிறார்கள். கேட்காமல் இருந்தவரைச் சட்டம் கேட்டுத் தெரிந்துகொண்டவரின் பக்கத்திலேயே உட்கார வைக்கிறது. கேட்காததால் அவருக்குக் கிடைத்த லாபம் ஒன்றுமில்லை.

அதே 3-ஆம் பிரிவு இரண்டு இடங்களில் ஐயத்துக்கே வழியில்லாமல் செய்துவிடுகிறது. கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டிய ஆவணம் முறைப்படி பதிவாகியிருந்தால், பிறகு அந்தச் சொத்தை வாங்குகிறவர் அந்த ஆவணத்தை அறிந்தவராகக் கொள்ளப்படுவார். அவர் சார்பதிவாளர் அலுவலகத்தின் படியை மிதித்தாரா இல்லையா என்பது பொருட்டல்ல. இரண்டாவது, சொத்தில் உண்மையில் யார் இருக்கிறாரோ, அவருக்கு ஏதாவது உரிமை இருந்தால், வாங்குகிறவர் அதையும் அறிந்தவராகக் கொள்ளப்படுவார். முதலாவது ஏட்டைப் பார்க்கச் சொல்கிறது. இரண்டாவது இடத்தைப் பார்க்கச் சொல்கிறது. நம்மவர்கள் ஏட்டை ஓரளவு பார்க்கிறார்கள். இடத்தை, விலை பேசப் போகும்போது பார்ப்பதோடு சரி.

## பதிவானால் பத்திரம் சுத்தம் என்ற எண்ணம்

"கவர்ன்மென்ட்லயே ரிஜிஸ்டர் பண்ணிக் குடுத்துட்டாங்க" என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியது. இந்தியாவில் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவாவது ஆவணம். விற்கிறவருக்கு விற்கும் உரிமை இருந்தது என்று அரசு சான்று கொடுப்பதில்லை. உரிமை என்பது சொத்தை ஆளவும் விற்கவும் ஒருவருக்கு இருக்கும் சட்டபூர்வமான அதிகாரம். ஆவணம் என்பது அந்த உரிமை கைமாறியதாகச் சொல்லும் தாள். உரிமை இல்லாதவர் எழுதிக்கொடுத்த தாள் பதிவானாலும் அதில் மாறுவதற்கு ஒன்றுமில்லை.

தமிழ்நாட்டில் மூலப்பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று 2022-இல் கொண்டுவரப்பட்ட 55-அ விதியின் முக்கியப் பகுதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தபோது சொன்ன காரணமும் இதுதான்: எழுதிக்கொடுப்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது பதிவுச் சட்டப்படி சார்பதிவாளரின் வேலையல்ல. எனவே சார்பதிவாளர் மூலப்பத்திரத்தைக் கேட்டாலும் கேட்காவிட்டாலும், அதைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டிய பொறுப்பு வாங்குகிறவரிடமே இருக்கிறது.

## வில்லங்கச் சான்று எதைச் சொல்கிறது?

வில்லங்கச் சான்று என்பது, நாம் கொடுத்த சர்வே எண்ணுக்கும் கால அளவுக்கும் சார்பதிவாளர் அலுவலகத்தின் அட்டவணையில் உள்ள பதிவுகளின் பட்டியல். தமிழ்நாட்டில் 1975-க்குப் பிந்தைய காலத்துக்குப் பெரும்பாலும் இணையத்திலேயே எடுத்துவிடலாம். அதற்கு முந்தியதற்கு மனு போட வேண்டியிருக்கும்.

அதன் ஒரு பக்கத்தை எடுத்துப் பார்ப்போம். ஆவண எண்ணும் ஆண்டும், எழுதிக்கொடுத்த நாளும் பதிவான நாளும், ஆவணத்தின் தன்மை, எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர், கைமாற்றுத் தொகை, சொத்து விவரம் எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். பலர் தன்மை என்ற கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்து, அடமானம் எதுவும் இல்லை என்றதும் மூடிவிடுகிறார்கள். எனக்குக் கேட்டால், அந்தப் பக்கத்திலேயே மதிப்பு மிக்கது முந்தைய ஆவண எண் என்ற கட்டம்தான். 2019-ஆம் ஆண்டுக் கிரயம் எந்த ஆவணத்தின் வழியே வந்தது என்று அது சொல்லும். அந்த எண்ணைப் பிடித்து முந்தைய பதிவுக்குப் போய், அங்கிருந்து அதற்கும் முந்தியதற்குப் போனால் சங்கிலி எங்கே அறுகிறது என்று தெரிந்துவிடும். ஒருவர் எழுதி வாங்கியதாக எங்குமே பதிவில்லாமல், திடீரென்று எழுதிக்கொடுத்தவராகத் தோன்றினால் அங்கே ஒரு மரணமோ உயிலோ வாய்மொழி ஏற்பாடோ நடந்திருக்கிறது என்று பொருள். விசாரணை தொடங்க வேண்டிய புள்ளி அது.

சான்று சொல்லாதவை நிறைய. பதிவு செய்யாத உயில் அதில் வராது. ஒருவர் இறந்ததால் வாரிசுகளுக்குப் போன உரிமை வராது. வாய்மொழி வாடகையும் குத்தகையும் வரமாட்டா. நிலுவையில் இருக்கும் வழக்கு எல்லா நேரமும் அதில் தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது. சர்வே எண் உட்பிரிவான பிறகு புதிய எண்ணுக்கு மட்டும் மனு போட்டால், பழைய எண்ணில் நடந்தவை பட்டியலுக்கு வெளியே நின்றுவிடும். ஊர் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் தேட வேண்டும்.

கிரய ஒப்பந்தம் தனியாகக் குறிப்பிட வேண்டிய ஒன்று. தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். ஆனால் பதிவாகாத ஒப்பந்தத்தையும், அதை நிறைவேற்றித் தரக் கோரும் வழக்கில் சான்றாகக் காட்டலாம் என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே வில்லங்கச் சான்றில் இல்லாத ஓர் ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் பின்னால் வந்து நிற்க இடமிருக்கிறது.

இதுவரை பார்த்ததன் சாரம்: வில்லங்கச் சான்று பதிவானவற்றைக் காட்டும் ஜன்னல். அதில் ஒன்றுமே தெரியவில்லை என்றால், பதிவானவற்றில் ஒன்றும் தெரியவில்லை என்பது மட்டுமே பொருள்.

## பட்டா இருக்கிறதே?

பட்டா வருவாய்த் துறையின் ஆவணம். நிலவரி யாரிடம் வசூலிப்பது என்பதற்காக வைக்கப்படும் கணக்கின் வழி வந்தது. பட்டா உரிமையை உருவாக்குவதில்லை என்று நீதிமன்றங்கள் மீண்டும் மீண்டும் சொல்லியிருக்கின்றன. 1980-களை ஒட்டி நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், மக்கள் வாயில் யு.டி.ஆர்., பெயர்களும் பரப்பளவுகளும் மாறிப் பதிவான இடங்கள் பல. அந்தத் தவறுகளைத் திருத்தச் சொல்லி இன்றும் மனுக்கள் போய்க்கொண்டிருக்கின்றன. அதற்காகப் பட்டாவை ஒதுக்கிவிடவும் கூடாது. பத்திரம் ஒருவர் பெயரிலும் பட்டா இன்னொருவர் பெயரிலும் இருந்தால், அந்த முரண்பாடே நமக்குக் கிடைத்த தகவல்.

பட்டாவோடு புலப்படத்தையும் வாங்கிப் பார்ப்பது நல்லது. நிலத்தின் வடிவமும் பக்க அளவுகளும் அதில்தான் இருக்கும். பத்திரத்தில் செக்குபந்தி என்று வரும் நான்கெல்லையும் புலப்படமும் ஒட்ட வேண்டும். "கிழக்கே 20 அடிப் பாதை" என்று பத்திரம் சொல்ல, புலப்படத்தில் அந்தப் பக்கம் பாதையே இல்லாமல் அடுத்தவர் நிலம் இருப்பது அரிதான காட்சியல்ல.

வருவாய்ப் பதிவேடுகளில்தான் தெரியவரும் இன்னொரு வகைச் சிக்கல், நிலத்தின் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டுப்பாடு. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிலம் வழங்க 1892-இல் அரசாணை வந்தது. அப்படி வழங்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். முதல் பத்தாண்டுகளுக்கு விற்கக்கூடாது, பிறகும் அதே வகுப்பினருக்கே விற்கலாம் என்ற நிபந்தனைகள் அவற்றுக்கு உண்டு. நடுவில் எத்தனை கிரயங்கள் பதிவாகியிருந்தாலும், எத்தனை பெயரில் பட்டா மாறியிருந்தாலும் நிபந்தனை கரைந்துபோவதில்லை. கோயில் நிலம், வக்பு நிலம், பூதான நிலம் ஆகியவற்றுக்கும் அவற்றுக்கே உரிய தடைகள் இருக்கின்றன.

## ஒரு சொத்தின் கதை

ஒரு கற்பனைச் சொத்தை எடுத்துக்கொள்வோம். இதன் சாயலில் உள்ள வழக்குகள் இல்லாத உரிமையியல் நீதிமன்றம் தமிழ்நாட்டில் இருக்காது. 1971-இல் ஒரு இந்துக் குடும்பத் தலைவர் தன் சம்பாத்தியத்தில் 40 சென்ட் வாங்குகிறார். 1994-இல் உயில் எழுதாமல் இறக்கிறார். மனைவி, இரண்டு மகன்கள், திருமணமான ஒரு மகள் இருக்கிறார்கள். 2003-இல் மகன்கள் இருவரும் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்து ஆளுக்கு 20 சென்ட் எடுத்துக்கொள்கிறார்கள், பட்டாவும் மாறுகிறது. 2019-இல் மூத்தவர் தன் 20 சென்டை விற்கிறார்.

வாங்குகிறவர் ஈ.சி. எடுக்கிறார். 1971 கிரயம், 2003 பாகப்பிரிவினை, வேறொன்றும் இல்லை. பட்டா விற்கிறவர் பெயரில் பளிச்சென்று இருக்கிறது. வரி ரசீதும் அப்படியே. பார்க்கிற எவருக்கும் சுத்தமான சொத்து.

இப்போது 2003-ஆம் ஆண்டுப் பத்திரத்தைத் திறந்து அதன் முன்னுரைப் பகுதியைப் படித்தால், "நம் தகப்பனார் காலமாகிவிட்டபடியால் அவருடைய வாரிசுகளாகிய நாம் இருவரும் ஆண்டனுபவித்து வருகிற" என்ற வகையில் ஒரு வரி இருக்கும். கவனமுள்ளவர் அந்த வரியில் நிற்பார். தகப்பனார் இறந்தார் சரி, தாயார்? கூடப் பிறந்த பெண்கள்? இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி, உயில் இல்லாமல் இறந்த ஆணின் சுயசம்பாத்தியச் சொத்தில் மனைவி, மகன், மகள் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள், சமபங்கு. பெண்ணுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்த 1989-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தத்தையோ 2005-ஆம் ஆண்டு மத்தியத் திருத்தத்தையோ இதற்குத் தேடிப் போக வேண்டியதே இல்லை. "கல்யாணத்துல போட்டுச் செஞ்சாச்சு" என்ற சமாதானம் குடும்பத்துக்குள் செல்லலாம். தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை மகள் எழுதிப் பதிவு செய்து கொடுக்காதவரை அவள் பங்கு அவளிடமே இருக்கிறது.

ஆக, இரண்டு மகன்களும் பிரித்துக்கொண்ட 40 சென்டில் பாதி அவர்களுடையது அல்ல. மகளும் தாயும் வழக்குத் தொடுத்தால், வாங்கியவர் "ஈ.சி. சுத்தமாக இருந்தது" என்று சொல்லலாம். பத்திரத்தின் அந்த வரியைப் படித்துவிட்டு வாரிசுச் சான்று ஏன் கேட்கவில்லை என்பது அடுத்த கேள்வி. கேட்டு வாங்கியிருந்தால் நான்கு பெயர்கள் இருந்திருக்கும். சான்றில் இரண்டே பெயர்கள் இருந்தாலும், ஊரில் பக்கத்து நிலத்துக்காரரிடம் "இவங்க கூடப் பொறந்தவங்க எத்தன பேரு?" என்று கேட்க அரைமணி நேரம் போதும்.

நிபுணத்துவம் எதுவும் இந்தக் கதையில் தேவைப்படவில்லை. ஆவணத்தின் தலைப்பைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் உள்ளே படிப்பது, ஒரு வரி எழுப்பும் கேள்வியை விடாமல் தொடர்வது, பதிலை விற்பவருக்கு வெளியே சரிபார்ப்பது ஆகியவையே தேவைப்பட்டன.

## இடத்தில் யார் இருக்கிறார்?

சொத்தில் இருப்பவரின் உரிமையை வாங்குகிறவர் அறிந்ததாகச் சட்டம் கொள்ளும் என்று பார்த்தோம். எனவே வீட்டில் குடியிருப்பவரிடம் நேரடியாகப் பேச வேண்டும். "வாடகைக்கு இருக்காரு, சொன்னா காலி பண்ணிடுவாரு" என்று விற்கிறவர் சொல்வதைக் கேட்டுத் திரும்பி வருவது போதாது. அவர் உண்மையில் வாடகைதாரராக இருக்கலாம், போக்கியத்துக்கு இருப்பவராக இருக்கலாம், ஐந்து ஆண்டுகளுக்கு முன் கிரய ஒப்பந்தம் போட்டுப் பெரும் பகுதிப் பணம் கொடுத்தவராகவும் இருக்கலாம். எந்த அடிப்படையில் இருக்கிறீர்கள், கையில் என்ன எழுத்து இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு அவர் வாயாலேயே பதில் வர வேண்டும். வெற்று மனையிலும் இதே கதைதான்: மூலையில் ஒரு மாட்டுக்கொட்டகை, குறுக்கே நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதை, புதிதாக ஊன்றிய கல், எதற்கும் யாராவது சொந்தக்காரர் இருப்பார்.

## எவ்வளவு பார்த்தால் போதும்?

பத்திரங்களை 30 ஆண்டு பின்னோக்கிப் பார்ப்பது வழக்கறிஞர்களிடையே வழக்கம். இந்த எண்ணை எந்தச் சட்டமும் வாங்குகிறவருக்கு விதிக்கவில்லை. அடமானத்தை மீட்க வழக்குத் தொடுக்கும் காலவரம்பு 30 ஆண்டு, 30 ஆண்டு பழமையான ஆவணத்துக்குச் சாட்சியச் சட்டம் தரும் அனுமானம் ஆகியவற்றை ஒட்டி நடைமுறையில் நிலைத்துவிட்ட அளவு அது. மேலே பார்த்த பஞ்சமி நிலத்துக்கு 30 ஆண்டு போதவே போதாது. அடுக்ககத்தில் மூன்றாவது கையாக வீடு வாங்குகிறவருக்கோ, கட்டிடத்தின் திட்ட அனுமதியும் பிரிபடாத நிலப் பங்கின் கணக்கும் பழைய பத்திரங்கள் அளவுக்கே முக்கியம். அளவு சொத்தைப் பொறுத்தது.

அதைவிட, கண்ணில் படும் உறுத்தலைப் பொறுத்தது. சந்தை விலையைவிட மிகக் குறைந்த விலை, இந்த வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம், சொந்தக்காரருக்குப் பதிலாக, அவரிடம் அதிகாரப் பத்திரம் வாங்கிய பவர் ஏஜென்ட் மட்டுமே முன்னால் நிற்பது, மூலப்பத்திரம் தொலைந்துவிட்டது என்ற பதில் ஆகிய ஒவ்வொன்றும் கவனத்தின் அளவை ஒரு படி ஏற்றுகிறது. பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்த அதிகாரமும் அவரோடு போய்விடும். ஆகவே அவர் உயிரோடு இருக்கிறாரா என்று ஏஜென்டைக் கேட்காமல் நேரில் பார்த்துவிட வேண்டும். மூலப்பத்திரம் தொலைந்தது என்றால், அது எங்கேயாவது கடனுக்கு ஈடாகக் கிடக்கலாம். பத்திரத்தை ஒப்படைத்தாலே அடமானம் உருவாகிவிடும் முறை நம் சட்டத்தில் உண்டு. அதனால் வங்கிகள் பதிவிடும் செர்சாய் என்ற மத்தியப் பதிவகத்திலும் ஒரு தேடல் போட்டுப் பார்ப்பது நல்லது. பத்திரத்தைக் கைமாற்றாக ஒரு தனிநபரிடம் கொடுத்திருந்தால் அங்கேயும் தெரியாமல் போகலாம்.

வங்கிக் கடன், வழக்கறிஞர் கருத்துரை இரண்டையும் பற்றி இரண்டு வரி. வங்கி தன் பணம் திரும்ப வருமா என்று பார்க்கிறது. உங்கள் வருமானமும் அந்தக் கணக்கில் இருக்கிறது. வழக்கறிஞரின் கருத்துரையில் "என் பார்வைக்கு வைக்கப்பட்ட ஆவணங்களின் அடிப்படையில்" என்று ஒரு தொடர் வரும். அது வெறும் சம்பிரதாயம் இல்லை. பார்வைக்கு வைக்கப்பட்டவை எவை என்ற பட்டியலையும், கொண்டுவரச் சொல்லிக் கேட்டிருக்கும் ஆவணங்களையும் படிக்காமல் கடைசிப் பக்கத்தில் சாதகமான முடிவை மட்டும் படிப்பது, மருந்துச் சீட்டைப் பத்திரமாக அலமாரியில் வைப்பதற்குச் சமம்.

## கவனத்தால் கிடைப்பதும் கிடைக்காததும்

உரிய கவனம் எடுத்தவருக்குச் சட்டம் சில இடங்களில் நேரடியான பாதுகாப்புத் தருகிறது. உண்மை உரிமையாளரின் ஒப்புதலோடு வேறொருவர் உரிமையாளர் போல நடந்துகொண்டு விற்றால், விற்கும் அதிகாரம் அவருக்கு இருக்கிறதா என்று தகுந்த கவனத்தோடு விசாரித்து நல்லெண்ணத்தில் வாங்கியவரைச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு காக்கிறது. வேறொருவரோடு முன்பே கிரய ஒப்பந்தம் இருந்து, அதை அறியாமல் பணம் கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கியவர்மீது அந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்ல முடியாது என்கிறது 1963-ஆம் ஆண்டுக் குறித்த நிவாரணச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு. இந்த இரண்டிலும் விசாரித்தேன் என்று காட்ட வேண்டியவர் வாங்கியவரே. ஆகையால் தேடலுக்குக் கட்டிய ரசீதுகள், எடுத்த நகல்கள், நாளிதழில் கொடுத்த அறிவிப்பு, குடியிருந்தவர் எழுதிக் கொடுத்த கடிதம் ஆகியவற்றைப் பத்திரத்தோடு சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும்.

கவனத்தால் கிடைக்காதது ஒன்று உண்டு. மேலே சொன்ன விதிவிலக்குகளுக்குள் வராத இடத்தில், உரிமையே இல்லாத ஒருவரிடம் வாங்கியவர் எவ்வளவு கவனமாக விசாரித்திருந்தாலும் உண்மை உரிமையாளருக்கு எதிரே நிற்க முடியாது. ஆள்மாறாட்டம் செய்து, போலி அடையாள அட்டை கொடுத்து விற்றவரிடம் வாங்கினால் சொத்து உரியவருக்கே போகும். அப்போது வாங்கியவருக்கு மிஞ்சுவது விற்றவர்மேல் உள்ள உரிமை. சாதாரணக் கவனத்தால் வாங்குகிறவர் கண்டுபிடிக்க முடியாத, தனக்குத் தெரிந்த உரிமைக் குறையை விற்கிறவர் சொல்லியாக வேண்டும் என்றும், விற்கும் அதிகாரம் தனக்கு இருப்பதாக அவர் உறுதி கொடுத்ததாகவே கொள்ளப்படும் என்றும் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு சொல்கிறது. கிரயப் பத்திரத்தின் கடைசிப் பக்கங்களில், பின்னால் வில்லங்கம் வந்தால் தன் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுப்பதாகவும், நட்டம் வந்தால் தன் இதர சொத்துகளிலிருந்து ஈடுசெய்வதாகவும் விற்கிறவர் எழுதிக்கொடுக்கும் வாசகம் இந்தப் பொறுப்பைத்தான் விரித்துச் சொல்கிறது. அந்த வாசகம் நடைமுறையில் பயன்பட வேண்டுமென்றால் விற்றவர் கைக்கு எட்ட வேண்டும், அவரிடம் வேறு சொத்தும் இருக்க வேண்டும். எனவே விற்கிறவர் யார், எங்கே குடியிருக்கிறார், இதை விற்றபின் அவரிடம் என்ன மிச்சமிருக்கும் என்பதும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரிக்க வேண்டியவற்றில் சேரும்.